டீமேக்கர் வாட்டிய பிட்ச்

கிரிக்கெட் பிட்ச்சிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்து, சப்புக்கொட்டி, துப்பிவிட்டு, "இன்னும் ஒரு மணி நேரம் வாடோணும்" என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் குன்னூரில் இருந்தார். அவருக்கு ஒரு பெயர் உண்டு. அடையாள அட்டையில் அச்சடித்துக் கழுத்தில்கூட மாட்டிவிட்டோம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து தேடுவார். டீமேக்கர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

எஸ்டேட் ஃபேக்டரியில் பச்சை இலை வந்து இறங்குவதிலிருந்து, அதை வாட்டி, நசுக்கி, புளிக்க விட்டு, காய வைத்துத் தூளாக்கி மூட்டை கட்டுவது வரை பொறுப்பு டீமேக்கருடையது. நாற்பது வருஷம் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இவர். ஓய்வு பெற்ற மறுநாளும் ஃபேக்டரிக்குப் போய் இலையை முகர்ந்து பார்த்து, புது டீமேக்கருக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தலைவலியை அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கிரிக்கெட்டுக்குக் கொடுத்த பெருமை என்னைச் சேரும்.

நான் அப்போது 'நீலகிரி காட்டெருமைகள்' அணியின் உள்ளூர் மேனேஜர். ஏலத்தில் ஆள் எடுத்து, பளபளவென்று சட்டை மாட்டி, டிவியில் காட்டுகிற மாநில லீக் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த அணி அது. கோயமுத்தூரில் பம்பு செட் தயாரிக்கிற முதலாளி ஒருவர் அதை வாங்கியிருந்தார். அவர் பாட்டுக்கு ஊரிலேயே மைதானம் பார்த்திருப்பார். "கோடையில் மலை ஏறுகிற கூட்டத்தில் கால்வாசி நம் பக்கம் திரும்பினாலே கேலரி நிறைந்துவிடும்" என்று வாய் கொழுத்து அவரைக் குன்னூருக்கு இழுத்து வந்தது நான்தான். அத்தாவின் ஸ்வெட்டர் கடையில் உட்கார்ந்து குரங்குக் குல்லாவுக்கு விலை சொல்வதிலிருந்து தப்பிக்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அணி இங்கே இருக்கும்வரை நான் மேனேஜர். அணி மலை இறங்கினால் மறுபடியும் குரங்குக் குல்லா.

மைதானம் எஸ்டேட்டுக்குச் சொந்தமானது. மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். பிட்ச் போடுவதற்குச் சென்னையிலிருந்து வந்த நிபுணருக்கு நாலாவது நாள் சளி பிடித்தது. ஐந்தாவது நாள் அவர் குரல் போனது. ஆறாவது நாள் அவரே போய்விட்டார். போகும்போது ஈரம் பார்க்கிற மெஷின் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு நான் பிட்ச் நடுவில் முழித்துக்கொண்டிருந்த காலையில்தான் டீமேக்கர் வந்தார். கம்பளிக் கோட்டு, காதை மூடிய மஃப்ளர், வெறுங்கால். முந்தின நாள் பயிற்சியில் எங்கள் ஆள் அடித்த பந்து அவர் வீட்டுத் தகரக் கூரையில் விழுந்ததாம். நியாயம் கேட்க வந்தவர், பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பிட்ச்சைப் பார்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். நாக்கில் வைத்தார்.

"தம்பி, மேல காஞ்ச மாதிரி நடிக்குதுங்க. உள்ள அப்பிடியே பச்சையா இருக்குது" என்றார்.

மெஷின் காய்ந்துவிட்டது என்று சொன்னது. மறுநாள் அந்தப் பிட்ச்சில் எங்கள் கேப்டன் போட்ட பந்து பொத்தென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலமே டீமேக்கரை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். தகரக் கூரை விஷயத்தை அவரும் மறந்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்தவர் முதல் காரியமாக மைதானத்தை ஃபேக்டரியாக மாற்றினார். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், ஃபேக்டரிக்குள் செருப்பு கூடாது, செண்ட் கூடாது, வெங்காயம் கூடாது என்று நாற்பது வருஷமாகச் சட்டம் போட்டவர் அவர். அதே சட்டத்தைத் தகரப் பலகையில் எழுதி பிட்ச் ஓரத்தில் நட்டுவிட்டார். பிட்ச்சுக்கு மூக்கு இல்லையே என்று கேப்டன் கேட்டதற்கு, "உங்களுக்கு இருக்குதுல்லீங்க, அது போதும்" என்றார். ஆட்டம் நடக்கும்போது மட்டும் ஷூவுக்கு அனுமதி. மற்ற நேரத்தில் அதன்மேல் கால் வைக்கிற யாராக இருந்தாலும் வெறுங்கால்தான்.

முதல் மேட்ச்சில் டாஸ் போட இரண்டு கேப்டன்களும் அம்பயர்களும் வெறுங்காலோடு, குளிரில் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றதை மாநிலமே டிவியில் பார்த்தது. மலையில் ஏதோ சாமி குற்றம் இருக்கிறது என்று பல ஊர்களில் பேசிக்கொண்டார்களாம். கோட்டு சூட்டோடு வந்த வர்ணனையாளரை டீமேக்கர் பத்தடி தூரத்திலேயே முகர்ந்துவிட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கமே நிறுத்தினார். டாஸ் ஜெயித்த கேப்டன் என்ன செய்யப் போகிறார் என்பதை அங்கிருந்து கத்திக் கேட்டுத்தான் அந்த மனிதர் தெரிந்துகொண்டார்.

எனக்கும் சலுகை கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அத்தர் மணக்க வருவேன். அவர் எங்கோ ரோலருக்குப் பின்னால் இருந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாய் தம்பி, இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க, அங்கயே நில்லுங்க" என்பார். அணியின் மேனேஜர் வாரத்தில் ஒரு நாள் பவுண்டரிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் கேரட் விற்கிறவன் மாதிரி கூவித்தான் நிர்வாகம் செய்தேன்.

கிரிக்கெட் என்றால் என்ன என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு பக்கம் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்டால், "நெறையப் பேருங்க" என்பார். ஆனால் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. எடுத்த எடுப்பில் சிக்ஸர் அடிக்கிற எங்கள் ஓப்பனரைப் பார்த்து, "இது டஸ்ட் தூளுங்க. சட்டுனு நெறம் எறங்கும், ரெண்டாவது தண்ணிக்குத் தாங்காது" என்றார். அந்த சீசன் முழுக்க ஓப்பனர் மூன்றாவது ஓவரைத் தாண்டவில்லை. நின்று ஆடுகிற கேப்டனை மட்டும் அவருக்குப் பிடிக்கும். "அவரு நல்ல இலைங்க. அவசரப்படுத்தாம விடோணும்" என்பார். விளையாட்டுப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியதைவிட இது சரியாக இருந்தது என்று கேப்டனே ஒப்புக்கொண்டார்.

ஒரு நாள் பயிற்சியின்போது நிஜமான காட்டெருமை ஒன்று தேயிலைக்குள்ளிருந்து வந்து பிட்ச் நடுவில் நின்றது. அணிக்கு அதன் பெயர்தான் என்றாலும், மரியாதை செலுத்த யாரும் நிற்கவில்லை. பதினைந்து வீரர்களும் ஒரே வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் உள்ளேதான் இருந்தேன். டீமேக்கர் மட்டும் வெளியே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதனிடம் பேசினார்.

"ஏனுங்க, இப்பத்தான் ரோலர் போட்டேன். கொஞ்சம் அக்கட்ட தள்ளி நின்னா ஆகாதுங்களா?"

அது அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தள்ளித்தான் போனது. வேனிலிருந்து இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தால், பந்து குத்த வேண்டிய இடத்தில் சரியாக ஒரு குளம்படி. டீமேக்கர் அதற்குள் விரலை விட்டு ஆழம் பார்த்துவிட்டு, உள்ளே இன்னும் ஈரம்தான் என்று அந்த மாட்டுக்குத் தெரிந்தது உங்கள் மெஷினுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தார். அதற்குப் பிறகு அந்த மெஷினை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாலும் அந்த முதல் சீசனில் நான் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சொந்த மைதானத்தில் எங்களுக்கு மூன்றே மூன்று மேட்ச். முதல் மேட்ச்சில் டாஸ் எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. நாலாவது ஓவரில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பந்து போட ஓடிவந்தவர் பாதியில் காணாமல் போனார். லாங் ஆனில் நின்றவரைத் தேடிக் கூட்டிவர ஆள் அனுப்பினோம். ஆட்டம் ரத்து. இரண்டாவது மேட்ச்சில் விடாத மழை, டாஸ்கூடப் போடவில்லை. முதலாளி காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"தம்பி, மலைக்கு வந்தா டீ குடிக்கலாம், கிரிக்கெட் ஆட முடியாதாட்ட இருக்குது. ஞாயித்துக்கெழமை மேட்ச்சும் இப்பிடியே போச்சுன்னா, அடுத்த வருஷம் டீம் கீழதான். கோவிச்சுக்காதீங்க."

அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பஜாரில் எல்லாருக்கும் டிக்கெட் தலையில் கட்டியிருந்தேன். அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரிக்காரர்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு இரண்டு முறை வந்து நனைந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரே ஒரு முழு மேட்ச்கூடக் காட்டாமல் அணியை அனுப்பிவைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு கடையில் உட்காருவது? கேலரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன், உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம். டீமேக்கர் அங்கே வந்து, மழை வந்தால் மேட்ச் ஏன் நிற்க வேண்டும் என்று விசாரித்தார். பிட்ச் நனைந்துவிடும் என்றேன்.

"மழை பேயுதுன்னு ஃபேக்டரில இலைய வேண்டாம்னு திருப்பி அனுப்புவமுங்களா? மழையிலதான் இலையே ஜாஸ்தி வரும். வாட்டித்தானுங்க ஆகோணும்" என்று சொல்லிவிட்டு மஃப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வரை மழை. தார்ப்பாயைத் தூக்கினால் நடுவில் கிழிசல். அதன் வழியாக ஒழுகிய தண்ணீர் பிட்ச்சின் ஒரு முனையை ஊறவைத்திருந்தது. மூன்றரை மணிக்கு ஆட்டம், இரண்டு மணிக்கு மேட்ச் ரெஃப்ரி வந்து பார்ப்பார். அவர் சரியில்லை என்றால் அத்தோடு சரி. அப்போது ஃபேக்டரி பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் புகைவிட்டபடி வந்தது. அதன்மேல் டீமேக்கர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் விறகு அடுப்பும் ஆள் உயர விசிறியும் சேர்ந்த ஒரு பழைய இரும்பு யந்திரம். மழைக்கால இலைக்குச் சூடான காற்று அடிப்பதற்காக அந்தக் காலத்தில் வைத்திருந்ததாம். ஷெட்டில் கிடந்ததைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

அன்று எஸ்டேட்டில் லீவு. கொழுந்து பறிக்கிற பெண்கள் இருபது பேர் அவருக்காக வந்தார்கள். முதலில் சாக்கு போட்டு ஒற்றினார்கள். பிறகு, தூள் சலித்தபின் மிஞ்சுகிற காய்ந்த தேயிலை நாரை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பரப்பினார்கள். அது ஈரத்தைக் குடித்ததும் பெருக்கித் தள்ளிவிட்டு, மறுபடி புதிது. ஒரு பக்கம் விசிறி ஊளையிட்டுக்கொண்டு சூடான காற்றை அடித்தது. டீமேக்கர் பிட்ச்சின்மேல் தவழ்ந்துகொண்டே முகர்ந்தார், நாக்கில் வைத்தார், துப்பினார், "இன்னும் ஒருக்கா" என்றார். ஒன்றரை மணிக்கு எழுந்து நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டு, "எறக்கிடலாமுங்க" என்றார். கடைசி நாரையும் பெருக்கி எடுத்தார்கள்.

பிட்ச்சைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. அந்த முனையிலிருந்து பாதிவரை டிகாக்ஷனைக் கொட்டின மாதிரி கருஞ்சிவப்பாக இருந்தது. ஈர மண்ணில் தேயிலையைப் போட்டால் சாயம் இறங்கும் என்பது குன்னூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். டீமேக்கருக்கு மட்டும் அது தோன்றவில்லை. நாற்பது வருஷமாக அவரைச் சுற்றித் தரை, சுவர், கை, சட்டை எல்லாமே அந்த நிறம்தான். காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்த பிட்ச், பார்வைக்கு அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. டீமேக்கரும் அதை அப்போதுதான் கவனித்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

சரியாக இரண்டு மணிக்கு ரெஃப்ரி வந்தார். கறாரான மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. கயிற்றருகே நின்று ஒரு பார்வை பார்த்தார். "சொதசொதன்னு இருக்கே, இதுல எப்படிங்க ஆடறது" என்று பேனாவை எடுத்துவிட்டார். முதலாளி என் பக்கம்கூடத் திரும்பவில்லை. ரெஃப்ரி நியாயமானவர், பக்கத்தில் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதலாம் என்று ஷூவோடு பிட்ச்சை நோக்கி நடந்தார். டீமேக்கர் குறுக்கே போய் நின்றார்.

"ஏனுங்க, கழட்டிட்டு வாங்க."

எனக்கு உயிர் போய்விட்டது. கையில் பேனாவோடு நிற்கிற மனிதரிடம் பேசுகிற பேச்சா இது? ரெஃப்ரி தான் யார் என்று சொன்னார். டீமேக்கர் அதை மறுக்கவில்லை, மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் நகரவில்லை. தகரப் பலகையைக் காட்டினார். அந்த இக்கட்டில் எங்கள் கேப்டன் குனிந்து தன் ஷூவைக் கழற்றினார். முதல் மேட்ச் டாஸிலேயே வெறுங்காலோடு நின்று பழகிய இரண்டு அம்பயர்களும் அவரைப் பார்த்துக் கழற்றினார்கள். எல்லாரும் வெறுங்காலோடு நிற்கையில் தான் மட்டும் ஷூவோடு நிற்பது ரெஃப்ரிக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டுக்கொண்டு லேஸை அவிழ்த்தார். இடது சாக்ஸில் ஒரு பெரிய ஓட்டை, அதில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அவர் கறாரில் பாதி அங்கேயே குறைந்துவிட்டது.

சாக்ஸையும் கழற்றிவிட்டுப் பிட்ச்சில் கால் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார், திரும்பி வந்தார், ஊறிப்போயிருந்த அந்த இடத்தில் போய் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார்.

"கதகதன்னு இருக்கே" என்றார்.

"இப்பத்தான் டிரையர்ல இருந்து எறங்குச்சுங்க" என்றார் டீமேக்கர்.

ரெஃப்ரி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். குளிரில் சூடான தரை கிடைத்ததால், அவர் இறங்கி வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்து ஷூ மாட்டிக்கொண்டு, மூன்றரைக்கு ஆரம்பிக்கலாம் என்றார்.

கடைசிப் பந்தில் ஜெயித்தோம் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். நாங்கள் பதினைந்தாவது ஓவரிலேயே தோற்றுவிட்டோம். வெள்ளைப் பந்து மூன்று ஓவருக்கு ஒரு தடவை குலாப் ஜாமூன் நிறத்துக்கு வந்தது. அம்பயர் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பெட்டியே காலியாயிற்று. மைதானமெங்கும் தேயிலை மணம் கிளம்பியதில், ஐயாயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் டீ தாகம் எடுத்து, பாதிப்பேர் ஆட்டத்தைக் கடையில் வரிசையில் நின்றபடிதான் பார்த்தார்கள். ஆனாலும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தோற்ற அணிக்கு அப்படிக் கைதட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் அத்தா கடையைச் சாத்திவிட்டு வந்து நின்று தட்டினார். முதலாளி கையில் டீ கிளாஸோடு என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருஷமும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நான் ஓடினேன். டீமேக்கர் கேலரிக்குப் பின்னால் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பந்துகூடப் பார்க்கவில்லை. தோற்றுவிட்டோம், ஆனால் டீம் இங்கேயே இருக்கப்போகிறது என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"தரை பொடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்பறம் என்னங்க" என்று துடைப்பதைத் தொடர்ந்தார். இன்னொரு துணியை எடுத்து நானும் துடைத்தேன்.

அடுத்த இரண்டு சீசனும் அவர்தான் பிட்ச் போட்டார். இரண்டாவது சீசனில் ஒரு மேட்ச் ஜெயித்தோம். மூன்றாவதில் மூன்று. அந்தக் கேப்டன் இன்று பெரிய பெரிய மைதானங்களில் ஆடுகிறார். மேட்ச்சுக்கு முந்தின நாள் தனியாகப் போய் ஷூவைக் கழற்றிவிட்டுப் பிட்ச்சில் நிற்பது அவர் வழக்கம். அது ஏதோ தியானம் என்று டிவியில் விளக்கம் சொல்கிறார்கள். நான் இங்கிருந்து சிரித்துக்கொள்வேன்.

மூன்றாவது சீசன் முடிந்ததும் மூட்டுவலி தாங்காமல் டீமேக்கர் காரமடையில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். அவர் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடித்து ஓடிவந்தவன், பழக்க தோஷத்தில் கயிற்றருகே நின்றுவிட்டேன். அவர் பிட்ச்சிலிருந்து மெல்ல நடந்து வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டை மூக்கருகே வைத்து, இலையை முகர்கிற மாதிரி கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தார்.

"அருமையான மணமுங்க தம்பி. மூணு வருஷமா சொல்லோணும்னு இருந்தேன்" என்றார்.

அணி இன்னும் குன்னூரில்தான் இருக்கிறது. நானும் குரங்குக் குல்லா விற்கப் போகவில்லை. இந்த வருஷம் முதல் மேட்ச் வெள்ளிக்கிழமை வருகிறது. தகரப் பலகை துருப்பிடித்து எழுத்து போய்விட்டது, தடுக்கிறதற்கும் ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் அத்தர் போடாமல்தான் போவேன்.